என் பெயர் வெட்டிய கெண்டி

அம்மா,

நேற்று மத்தியானம் உன் கெண்டி திரும்பி வந்தது.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் திண்டிவனத்தில் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "பெரியம்மா" என்று கூப்பிட்டான். பினாங்கிலிருந்து வந்தவன். தோள்பையைத் திறந்து, துவாலையில் சுற்றிய ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினான். "அம்மா போன மாசம் தவறிட்டாங்க. இதை உங்க கையிலதான் சேர்க்கணும்னு சொல்லி வெச்சிருந்தாங்க" என்றான். துவாலையைப் பிரித்ததும் புளி போட்டுத் துலக்கிய பித்தளை வாசனை வந்தது. மூக்கு நுனியில் அந்தப் பழைய நசுங்கல் அப்படியே இருந்தது. அவனை உட்காரச் சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அவனே பெஞ்சில் உட்கார்ந்து, அவனே எழுந்து தண்ணீர் மோந்து குடித்தான்.

அவன் போய் ஒரு நாள் ஆகிறது. கெண்டி மேசைமேல் இருக்கிறது. அதன் அடியை நான் இன்னும் திருப்பிப் பார்க்கவில்லை. அங்கே என் பெயர் இருக்க வேண்டும். நான் பெரியவளான வருஷம் விழுப்புரம் பாத்திரக் கடையில் நீ பக்கத்தில் நின்று வெட்டவைத்த பெயர். அது இன்னும் இருக்கிறதா, தேய்ந்துபோனதா, இல்லை முழுக்க இன்னொருத்தியுடையதாகவே ஆகிவிட்டதா என்று பார்க்கத் தைரியம் வரவில்லை. முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மிரட்டியவள் ஒரு பித்தளைக் கெண்டிக்குப் பயந்து அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். இதை எழுதி முடித்துவிட்டுத் திருப்பிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். உனக்குப் படிக்கத் தெரியாது. அப்பாதான் படித்துக் காட்ட வேண்டும். வரிக்கு வரி நீ மறுத்துச் சொல்வாய் என்பதும் தெரியும்.

நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடாத நாளை நான் பார்த்ததில்லை. கெடாருக்குப் பக்கத்தில் நம் ஊரில் மல்லாட்டைக் கடலை காயப்போட்டால் வெயில் பத்தாது என்பார் அவர், கூடிப்போச்சு என்பாய் நீ. மாட்டை எந்த முளையில் கட்டுவது, கேப்பைக் கூழை எப்போது இறக்குவது, பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது, எல்லாவற்றுக்கும் உங்கள் வீட்டில் இரண்டு தீர்ப்பு. ஊரில் புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் முறைத்துக்கொண்டால், ரெண்டு நாள் இவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டு வா, தன்னால் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் கேலி பேசுவார்கள்.

அந்தச் சண்டை தொடங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு இரண்டு வயதாயிருக்கும்போது மலாயாவுக்குப் போன அப்பா, யுத்தத்தில் அங்கே மாட்டிக்கொண்டு, எனக்குப் பத்து வயதானபோதுதான் திரும்பி வந்தார். வந்த அன்று நீ இலை போட்டுச் சோறு வைத்தாய். அவர் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். நீ என்னை மோர் வாங்கிவர அனுப்பினாய். நான் செம்போடு திரும்பியபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நீ முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பருகே இருந்தாய். கொஞ்ச நேரம் கழித்து அவர், "கொழம்புல உப்பு தூக்கலா இருக்குது" என்றார். நீ திரும்பாமலே, "எட்டு வருசமா உப்பில்லாமயா தின்னுகினு இருந்தீங்க" என்றாய். அவ்வளவுதான். அதற்கப்புறம் உங்கள் இருவரின் வாயும் மூடவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு இருபத்துநாலு வயது. திண்டிவனத்தில் வாத்தியாரம்மா. மூன்று வரன் வந்து மூன்றும் தட்டிப்போயிருந்தன. ஒருவருக்கு ஜாதகம் சரியில்லை, ஒருவருக்கு என் நிறம் சரியில்லை, மூன்றாமவருக்குச் சம்பாதிக்கிற பெண் எதிர்த்துப் பேசுவாள் என்ற பயம். பேசுவேன்தான், உங்களுக்குப் பிறந்தவள் வேறெப்படி இருப்பேன். ஒரு சனிக்கிழமை ஊருக்கு வந்தபோது நீ சொன்னாய், பினாங்கில் ஒரு கல்யாணம், அப்பாவுக்கு வேண்டப்பட்டவர்கள் கப்பல் டிக்கெட்டே எடுத்துவிட்டார்கள், நீயும் லீவு போடு, இங்கிலீஷில் பாரம் எழுத ஆள் வேண்டும் என்று. அப்பா, நான் வரவில்லை, எனக்கு இடுப்பு வலி என்றார். இடுப்பை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம், கிளம்புங்கள் என்றாய் நீ.

மூட்டை கட்டும்போது பார்த்தேன். உன் கல்யாணப் பட்டுப்புடவை உள்ளே போனது. அதன்மேல் அந்தக் கெண்டி. என் கல்யாணத்தில் தாரை வார்ப்பதற்கென்றே நீ வாங்கி, அடியில் "அஞ்சலை" என்று பெயர் வெட்டி, பரண்மேல் வைத்திருந்தது. அப்பாவைப் பெற்றவள் பெயர் அது. மூத்த பெண்ணுக்கு அந்தப் பெயர்தான் வைப்பது நம் வீட்டு வழக்கம். மாமியார் பெயரைச் சொல்லக்கூடாது என்று நீ ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்கு நீ வைத்த பெயர் பாப்பா.

கெண்டியைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். யார் கல்யாணத்துக்கோ போகிறோம் என்பது சாக்கு, எனக்கே ஒரு மலாயா மாப்பிள்ளை பார்த்திருக்கிறீர்கள், பிடித்துப்போனால் அங்கேயே முடித்துவிடுவீர்கள். எங்கள் பள்ளிக்கூட ஆயாவின் அக்கா மகளுக்குச் சிங்கப்பூரில் அப்படித்தான் நடந்தது. உன்னிடம் கேட்கவில்லை. கல்யாணத்தைப் பற்றிப் பெண் தானாக வாயைத் திறப்பது நம் வீட்டில் இல்லாத பழக்கம். திண்டிவனத்துத் தையல்காரரிடம் ஒரு சரிகை ரவிக்கை தைத்து, யாருக்கும் தெரியாமல் டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தேன். அம்மா, எனக்கு அத்தனை சந்தோஷம்.

விழுப்புரத்தில் ரயில் ஏறியதிலிருந்து அந்தக் கெண்டிதான் உங்களுக்குச் சண்டை. நீ அதை மூட்டையிலிருந்து எடுத்துப் பழைய சேலையில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தாய். மூக்கு உள்பக்கம் இருந்தால்தான் இடிபடாது என்றார் அப்பா. உள்பக்கம் இருந்தால் வயிற்றில் குத்துகிறது என்றாய் நீ. கடலூர் போய், மாயவரம் போய், நாகப்பட்டினமும் வந்தது, மூக்குக்கு வழி பிறக்கவில்லை. துறைமுகத்தில் சாமான் பார்க்கிறவர் இது என்ன என்று கேட்டார். "பாத்திரம்" என்றார் அப்பா. "சீர்" என்றாய் நீ. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததில் அவர் சந்தேகப்பட்டு முழுக்கப் பிரித்துப் பார்த்துவிட்டார். படகில் ஏறி, கடலில் நின்ற கப்பலுக்குப் போய், ஏணியில் கால் வைக்கும்போது அது உன் கையிலிருந்து நழுவி இரும்பில் மோதியது. மூக்கு நசுங்கியது. அப்பாவின் முகத்தில் ஜெயித்த களை. மேல்தட்டில் பாய் விரிக்கும்வரை, "நான் அப்பவே சொன்னேன்" என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் பேசவில்லை.

ஏழு நாள். மேலே கித்தான், கீழே பலகை, சுற்றிலும் மூட்டையும் பிள்ளைகளும் வாந்தியும். எங்களுக்குப் பக்கத்தில் கோட்டக்குப்பத்து வியாபாரி ஒருவர், துணி மூட்டையோடு போய்வருகிற பாய். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று நீங்கள் சண்டை போட்டபோது முதல் நாள் சமாதானம் செய்தார். இரண்டாம் நாள் நடுவர் ஆனார். மூன்றாம் நாள் என்னிடம், "பேஜாரே இல்லம்மா, மிஷின் நின்னாலும் இவங்க ரெண்டு பேர் வாயி கப்பலை ஓட்டிக்கினு போயி கரை சேத்துடும்" என்றார்.

அப்போதே ஒன்று எனக்கு இடித்திருக்க வேண்டும். அப்பா பாயிடம் பினாங்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். தான் இருந்த வீட்டுக்கு முன்னால் ஒரு ரம்புத்தான் மரம் என்றார். பின்னால் என்றாய் நீ. முன்னால்தான் என்றார். கிணறு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தானே மரம், கிணறு பின்னால்தானே என்றாய். அப்பா யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். விழுப்புரம் சந்தையைத் தாண்டிப் போகாத நீ, கடலுக்கு அப்பால் இருக்கிற ஒரு வீட்டின் கிணற்றை எப்படிக் கண்டாய் என்று நான் கேட்கவில்லை. நான் வேறு கனவில் இருந்தேன்.

பினாங்கில் இறங்கி, அம்மை குத்திய சீட்டையெல்லாம் காட்டி வெளியே வந்தபோது ஒருவர் மாலையோடு நின்றார். துறைமுகத்தில் மேஸ்திரி வேலை. அவரை மாமா என்று கூப்பிடச் சொன்னாய். அவர் வீட்டு முன்கட்டில் என்னை உட்காரவைத்துவிட்டு எல்லாரும் உள்ளே போனார்கள். தட்டில் கல்யாணப் பத்திரிகைகள், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி அடுக்கி வைத்திருந்தன. ஒன்றை எடுத்துப் படித்தேன். விழுப்புரம் தாலுக்கா, நம் ஊர்ப் பெயர், அப்பாவின் பெயர். இன்னாருடைய குமாரத்தி செல்வி அஞ்சலைக்கும் என்று அச்சடித்திருந்தது.

எனக்குக் காது அடைத்துப்போனது. பார்த்து வைத்தது மட்டுமில்லை, நாளும் குறித்துப் பத்திரிகையும் அடித்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் பெயரை மூன்று முறை படித்தேன். வெட்கத்தில் பத்திரிகையைத் திரும்ப வைக்கவும் முடியவில்லை, கையில் வைத்திருக்கவும் முடியவில்லை. அந்த இரண்டு நிமிஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

உள்ளேயிருந்து மேஸ்திரியின் மனைவி, "அஞ்சலை, அக்காவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் குடு" என்று குரல் கொடுத்தார். நான் எழுந்து நின்றேன். கதவைத் தள்ளிக்கொண்டு கோப்பையோடு ஒரு பெண் வந்தாள். பதினெட்டு வயது இருக்கும். கையில் மருதாணி. அப்பாவின் நெற்றி, அப்பாவின் காது, சிரித்தபோது அப்பாவின் பல். "அக்கா" என்றாள்.

கோப்பையை வாங்கினேனா என்பது நினைவில்லை. நேரே பின்கட்டுக்கு வந்தேன். கிணறு இருந்தது, பக்கத்தில் ரம்புத்தான் மரமும் இருந்தது. நீ சொன்னதுதான் சரி. அப்பா கால் கழுவிக்கொண்டிருந்தார். பத்திரிகையை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, "இதுல இருக்கிறது நானா, அவளா?" என்று கேட்டேன். அவர் சொம்பைக் கீழே வைத்தார். "என் பேரையுமா குடுத்துட்டீங்க? இனிமே எனக்கு அப்பா இல்ல" என்றேன். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கிணற்றுச் சுவரில் போட்டுவிட்டு, ஈரக்காலோடு வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் எல்லாருடைய முகமும் மாறியது. மறுநாள் காலையில் முகூர்த்தம். பெண்ணின் தாய் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மேஸ்திரி அவளுடைய தம்பி. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் கறாராகச் சொல்லியிருந்தாராம், தகப்பன் உயிரோடு இருக்கிறான் என்கிறீர்கள், அவன் ஊரிலிருக்கிற மனைவியோடு வந்து மணையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுக்கட்டும், இல்லாவிட்டால் நாளைக்கு ஊரிலிருந்து யாராவது வந்து இவள் யார் என்று கேட்பார்கள், எங்களுக்கு அந்தப் பெண் வேண்டாம் என்று. அதற்காகத்தான் டிக்கெட். அதற்காகத்தான் கெண்டி. இப்போது அப்பா கடற்கரையில் ஒரு கட்டையின்மேல் உட்கார்ந்துகொண்டு, என் பொண்ணு என்னை அப்பன் இல்லேன்னு சொல்லிட்டா, எந்த மூஞ்சிய வெச்சுக்கினு இன்னொரு பொண்ணுக்கு அப்பனா ஒக்காருவேன் என்று சொல்லிவிட்டாராம். மேஸ்திரி இரண்டு முறை போய் இரண்டு முறை திரும்பி வந்தார். அந்தப் பெண் அழவில்லை. மருதாணிக் கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

விடிந்ததும் நீ என்னிடம் வந்தாய். நீயும் என்னைப்போல் ஏமாந்தவள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். உன்னைக் கட்டிக்கொண்டு அழலாம் என்றிருந்தேன். "இது ஒனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"வந்த அன்னிக்கே சொல்லிட்டாரு. சோத்துல கை வெக்கறதுக்கு முன்னாடி சொன்னாரு. நீ மோரு வாங்கப் போயிருந்த."

பதினாலு வருஷம், அம்மா. உப்புக்கும் முளைக்குச்சிக்கும் தொண்டை கிழியச் சண்டை போட்ட பதினாலு வருஷம். அவரை ஒரே அடியில் சாய்க்கக்கூடிய ஒரு வார்த்தை உன் வாயிலேயே இருந்தது. ஒரு தடவைகூட நீ அதை எடுக்கவில்லை. அப்பாவுக்கு இன்னொரு பெண் இருந்தது எனக்கு அன்று அதிர்ச்சி. அது கொஞ்ச காலத்தில் தணிந்துவிட்டது. இது இன்றுவரைக்கும் தணியவில்லை. ஏன் ஒருநாளும் கேட்கவில்லை என்று நான் கேட்டதற்கு நீ என்னைப் புரியாதவள்போலப் பார்த்தாய்.

"மறைச்சிருந்தா தெனம் கேட்டிருப்பேன். சொல்லிட்டவரை இன்னான்னு கேக்கறது?" என்றாய். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தாய். "சப்பான்காரன் சயாமுக்கு ரயில் போட ஆம்பளைங்களப் புடிச்சிக்கினு போனான். போனவங்க திரும்பல. இவர அந்தப் பொம்பள ஒரு வருசம் ஒளிச்சு வெச்சு சோறு போட்டா. அவ இல்லேன்னா நான் அன்னிக்கே தாலியறுத்திருப்பேன். எந்தாலிய காப்பாத்துனவ. அவ பொண்ணு கழுத்துல தாலி ஏற நான் தண்ணி ஊத்தக்கூடாதா?"

 ஆனாலும் எனக்கு ஆறவில்லை. கல்யாணம் எனக்கு என்று நினைத்துக் கப்பலேறினேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, "அந்தக் கெண்டி என்னுது" என்றேன், சின்னப்பிள்ளைபோல.

"ஒன்னுதுதான். அதனாலதான் ஒன்னக் கேக்கறேன்" என்றாய். உன் வாயிலிருந்து கேள்வியாக வந்த ஒன்றை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். இருபத்துநாலு வருஷமாக எனக்குக் கட்டளைதான் வந்துகொண்டிருந்தது.

கடற்கரைக்கு நான்தான் போனேன். அப்பா கட்டையின்மேல் அப்படியே இருந்தார். அவருக்கு ஆறுதலாக ஏதும் சொல்ல எனக்கு வரவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை, பொய் சொல்ல முடியாது. "எழுந்திருங்கப்பா, நேரமாவுது" என்றேன். அப்பா என்று சொன்னதே அவருக்குப் போதுமாயிருந்தது. மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். வீட்டு வாசலில் நீ நின்றிருந்தாய். துண்டை எங்கே போட்டீர்கள் என்றாய். கிணற்றுச் சுவரில் என்றார். அங்கே இல்லை என்றாய். அங்கேதான் போட்டேன் என்றார். மேஸ்திரியின் மனைவி சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

மணையில் உட்கார்ந்தும் நீங்கள் அடங்கவில்லை. மாப்பிள்ளை கைமேல் பெண்ணின் கை, அதன்மேல் அப்பாவின் கை. நான் கிணற்றில் சேந்தி நிரப்பிக்கொடுத்த கெண்டியோடு நீ. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் உன்னைப் பார்த்து, இது யார் பெண் என்று சபையில் கேட்டார். மேளம் நின்றிருந்தது. "எங்க பொண்ணு. எங்க வீட்டு மூத்தவளுக்கு எடுத்து வெச்ச கெண்டியக் கொண்டாந்திருக்கேன், பாத்துக்குங்க" என்றாய். அடியைத் திருப்பி அவரிடமே காட்டினாய். நிரம்பிய கெண்டி சாய்ந்து அவர் வேட்டியெல்லாம் தண்ணீர். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, "அறிவிருக்குதா, மூக்க உள்பக்கம் திருப்பு" என்றார். "நீங்க கைய ஆட்டாம இருங்க, நான் பாத்துக்கறேன்" என்றாய். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அப்புறம்தான் தண்ணீர் விழுந்தது, மெல்லிசாக, நசுங்கிய மூக்கிலிருந்து கொஞ்சம் கோணலாக.

தாலி ஏறியபிறகு அவள் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள், "வீட்டுலயும் தினமும் இப்படித்தானாக்கா?" ஆமாம் என்றேன். "ரெண்டு பேரும், பக்கத்துல பக்கத்துல உக்காந்துகிட்டா?" என்றாள். அவளுக்கு நான்கு வயதானபோது அவர் கப்பலேறிவிட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு அவர் இல்லாத எட்டு வருஷம்போல, அவளுக்குப் பதினாலு. நான் வேறு எதையோ பார்த்துக்கொண்டு தலையாட்டினேன்.

கிளம்பும் நாளில் கெண்டியை நீ அவள் கையில் கொடுத்தாய். எனக்குத் திரும்பவும் ஒரு அடி. உனக்கென்ன, வேறொன்று வாங்கினால் போகிறது என்றாய். பெயரும் அதுதான், புதிதாக வெட்ட வேண்டிய வேலைகூட இல்லை என்று மேஸ்திரி சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. கெண்டியின் அடியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

திரும்பும் கப்பலில் நான் பேசவில்லை. என் மௌனத்தை நிரப்புவதற்கென்றே நீங்கள் இரண்டு மடங்காகச் சண்டை போட்டீர்கள். நாகப்பட்டினம் வருவதற்கு முதல் நாள் சீப்பு தேடி என் டிரங்குப் பெட்டியைத் திறந்தாய். அடியில் அந்தச் சரிகை ரவிக்கை, மடிப்புக் கலையாமல். நீ அதை எடுத்தாய். தையலைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். எல்லாம் உனக்கு விளங்கிவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. இது என்ன, எவ்வளவு கொடுத்தாய், யாரைக் கேட்டுத் தைத்தாய் என்று கத்துவாய் என எதிர்பார்த்தேன். நீ அதை இருந்தபடியே மடித்து, இருந்த இடத்திலேயே வைத்து, பெட்டியை மூடினாய்.

அதோடு நீ என்னோடு சண்டை போடுவதையே நிறுத்திவிட்டாய். நான் இனி வரனே பார்க்காதே என்று கத்தினேன், நீ பதில் சொல்லவில்லை. நான்காவது வரன் வந்தது, திருப்பி அனுப்பினேன், அதற்கும் நீ வாய் திறக்கவில்லை. கோபத்தில் சொன்னது பழக்கமாகி, பழக்கமே வாழ்க்கையாகிவிட்டது. தலையில் பூ ஏன் வைக்கவில்லை, இத்தனை காபி எதற்கு, எதையும் கேட்கவில்லை. அப்பாவோடு மட்டும் அவர் போகும்வரை ஓயாமல் சண்டை போட்டாய். உன்னால் தாங்க முடிந்ததற்கெல்லாம் நீ சண்டை போட்டாய் என்பதும், தாங்க முடியாததை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாய் என்பதும் எனக்கு எப்போது புரிந்தது தெரியுமா? நீ கண்ணை மூடிய பிறகு. ஒரு முறையாவது உன்னை வம்புக்கிழுத்து, கத்தவைத்து, அந்த ரவிக்கையை உன் வாயிலிருந்து வெளியே எடுத்திருக்கலாம். நான் செய்யவில்லை. அந்த வேதனை எனக்கு இருக்கிறது.

எழுத வேண்டியதை எழுதியாயிற்று. இப்போது திருப்பிப் பார்க்கிறேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், அம்மா. அடியில் இருப்பது ஒரு பெயரல்ல, ஐந்து. மேலே "அஞ்சலை", விழுப்புரம் கடைக்காரரின் புள்ளி எழுத்து, தேயவே இல்லை. துலக்கும்போது அந்த இடத்தை மட்டும் பார்த்துப் பார்த்துத் துலக்கியிருக்கிறாள். அதன் கீழே, வேறு கையால், வேறு உளியால், ஆழமாக இன்னொரு தடவை "அஞ்சலை". அதற்குக் கீழே அவளுடைய இரண்டு பெண்களின் பெயர். கடைசியில் அவள் பேத்தி. என் பெயருக்குக் கீழே, இந்தக் கெண்டி யார் யாருக்குத் தண்ணீர் வார்த்ததோ அவர்கள் எல்லாரும் வரிசையாக. புதிதாக வெட்ட வேண்டாம் என்று அன்று எல்லாரும் சிரித்தார்களே, அவள் வெட்டியிருக்கிறாள். தன் பெயரைத் தனியாக வெட்டிக்கொண்டு, என் பெயரை எனக்கே விட்டுவைத்திருக்கிறாள். நாற்பது வருஷத்துக்கு மேல். நான் அவளுக்கு ஒரு கடுதாசிகூடப் போட்டதில்லை.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இப்போதுதான் எழுந்தேன்.

கெண்டியில் தண்ணீர் நிரப்பி அலமாரியில் வைத்திருக்கிறேன். மூக்கை உள்பக்கம் வைத்தேன், சரியாகப் படவில்லை. வெளிப்பக்கம் வைத்தேன், அதுவும் சரியாகப் படவில்லை. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் குரலிலும் உன் குரலிலும் நானே எனக்குச் சொல்லிப் பார்க்கிறேன், அது சண்டையாக வரமாட்டேன் என்கிறது.